துடுப்புக்காரனின் பங்கு

பிபியானின் அப்பாவுக்கு அது ஏழாவது மாதம். காலையில் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்குப் பின்னால் வந்து அவர் உட்காரும்போது, நாற்காலி போடும் கூச்சலில் ஜன்னலில் படிந்த பனி பொலபொலவென்று உதிரும்.

அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. பெற்ற அப்பா உக்காலிக், உறைந்த கடல்மேல் பேர்போன வேட்டைக்காரர், போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர் போன அதே குளிர்காலத்தில் மூன்று வீடு தள்ளி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்தாயிற்று. வட துருவத்தை ஒட்டிய அந்த இவிதாரூக் ஊரில் இதைப் பற்றி யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. ஆகவே முப்பது வயதுப் பிபியான், தாயின் அங்கியில் முதுகுப் பக்கம் இருந்த குல்லாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அந்தச் சிசுவைப் பார்த்து, "அப்பா, வந்துட்டீங்களா?" என்றாள். சிசு அவள் மேல் பால் கக்கியது. உயிரோடு இருந்தபோதும் அவர் அவ்வளவு மரியாதைதான் காட்டினார் என்று பிபியான் இன்றும் சொல்வாள்.

இந்த அப்பாவின் ரத்தத்தில்தான் மேகநோய், டாக்டர்கள் சொல்லும் சிபிலிஸ், இருந்தது.

ஊசி போட்டார்கள், போயிற்று. மறுபடி ரத்தம் எடுத்துத் தெற்கே அனுப்பிப் பார்த்தால், விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மறுபடி ஊசி போட்டார்கள். காரணம் தெரியாமல் இல்லை. உக்காலிக்கின் புருஷன் தூலுகாக், இருபத்தைந்து வயது வாலிபன், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று நின்றான். ஓட்டைப் படகில் ஒருத்தி தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருக்க, ஒருத்தன் எதிரில் உட்கார்ந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இப்படியே போனா குழந்தை தங்காது பிபியான். தங்கினாலும் நோயோடதான் பிறக்கும்" என்றாள் நர்ஸ் ஃபெர்ன்.

பிபியான் அந்த ஆஸ்பத்திரியின் சுகாதாரப் பணியாளர். ஊரில் யார் வீட்டு அலமாரியில் என்ன மாத்திரை இருக்கிறது என்பது வரை தெரியும். அப்பாவை ஒரு தடவை புதைத்தாயிற்று. அந்த உறைந்த மண்ணைத் தோண்டியவர்களின் கடப்பாரை ஒவ்வொன்றும் வில்லாக வளைந்து போனதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கோ அப்பாவின் வயிற்றில் இருப்பதற்கோ இன்னொரு குழி தோண்டுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

ஊரில் இந்த நோய் உக்காலிக் வீட்டில் மட்டும் இல்லை. பெண்கள் வந்தார்கள், சோதித்தார்கள், மருந்து வாங்கினார்கள். ஆண்கள் ஆஸ்பத்திரியைக் கண்டால் கரடியைக் கண்ட மாதிரி, இல்லை, கரடியைக் கண்டால் கிட்டே போவார்கள், இதற்கு அதுவும் இல்லை. பிபியான் ஆணுறைகளைப் பை பையாகக் கொண்டுபோய்க் கடை வாசலிலும் வேட்டைக்காரர் சங்கக் கட்டடத்திலும் வைத்தாள். ஆண்கள் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போய்த் துப்பாக்கிக் குழலின் வாயில் மாட்டினார்கள். பனித்தூள் உள்ளே போகாதாம். வட துருவ வட்டாரத்திலேயே மிகப் பத்திரமான துப்பாக்கிகள் இவிதாரூக்கில்தான் இருந்தன.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், தேநீர் ஆறுவதற்குள் முடிவு. ரத்தத்தை விமானத்தில் தெற்கே அனுப்பிவிட்டு, புயல் ஓய்ந்து பதில் வருவதற்குள் ஆள் வேட்டை முகாமுக்குக் கிளம்பிப் போயிருக்கும் கதை இனி இல்லை. ஆனால் பெட்டியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. உள்ளூர் அமைப்புகள் கூட்டுச் சேர்ந்து ஆதரிக்கும் ஊரில்தான் பெட்டி இருக்கும். ஆதரிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். இதை முடிவு செய்ய, தெற்கே இருக்கும் அலுவலகத்திலிருந்து மெரிடித் என்ற பெண்மணி ஒரு ஃபோன் கூட்டம் வைத்தாள்.

பிபியான் மூன்று பேரை அழைத்து வந்தாள். வேட்டைக்காரர் சங்கத் தலைவர் குப்லு. இவர் தூலுகாக்கின் அப்பா. ஊர் வானொலியை நடத்தும் சிப்போரா. செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன நாய், சாயங்காலம் பிங்கோ ஆட்டத்துக்கு எண் வாசிப்பது எல்லாமே அவள் ஒருத்திதான். மூன்றாவது, கோவிலில் வேதம் வாசிக்கும் பர்னபே. அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். "இந்த விஷயத்துல என்னை விட அனுபவஸ்தன் யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மேஜை நடுவில் கறுப்புப் பெட்டி மாதிரி ஃபோன், அதில் ஒரு பச்சை விளக்கு. உக்காலிக் தேநீர் கொண்டு வந்து வைத்தாள். அவள் உள்ளே வந்த கணமே குப்லு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அங்கே தொங்கிய நாட்காட்டியை ஜனவரியிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டார். மாமனார் மருமகள் முகம் பார்த்துப் பேசக் கூடாது. மற்ற வீடுகளில் இதெல்லாம் கரைந்து போய்விட்டது. குப்லு வீடு பழைய வீடு. அவள் வெளியே போனபோது அவர் ஆகஸ்ட் வரை வந்திருந்தார்.

மெரிடித் நீளமாகப் பேசினாள். மேகநோய், பாதுகாப்பு, இளைஞர்கள், கூட்டு முயற்சி. கடைசியில் கேட்டாள், "இதை உங்க அமைப்புகள் ஆதரிக்குதா?"

மூன்று பேரும் புருவத்தைத் தூக்கினார்கள்.

அங்கே ஆமாம் என்பதற்கு அதுதான் பேச்சு. வாயைத் திறந்தால் உள்ளே குளிர் போகிற ஊரில், புருவம் இருக்க வாய் எதற்கு? பிபியானுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவளும் தன் புருவத்தைத் தூக்கினாள்.

"ஹலோ?" என்றது பச்சை விளக்கு. "யாராவது இருக்கீங்களா?"

மறுபடியும் தூக்கினார்கள், இன்னும் அழுத்தமாக.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. சம்மதமா?"

குப்லுவின் புருவம் தொப்பிக்குள் போய் மறைந்தது. பர்னபேயின் புருவம் வழுக்கை மேட்டில் பாதி தூரம் ஏறியது. சிப்போராவின் புருவம் கூரையில் ஒட்டிக்கொண்டதாகவும், துடைப்பக்கட்டையால் தட்டி இறக்க வேண்டியிருந்ததாகவும் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒருவர் கூட வாய் திறக்கவில்லை. கண் முன்னால் இவ்வளவு சம்மதம் நிற்கும்போது அதைப் போய் வாயால் வேறு சொல்வார்களா?

மெரிடித் பெருமூச்சு விட்டாள். "உங்க மௌனத்தை நான் மதிக்கிறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

"தங்கமான பொம்பள. மதிக்கிறேன்னு சொல்லிட்டா பாரு" என்றார் பர்னபே. எல்லோரும் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை தகவல் வந்தது. உள்ளூர் ஆதரவு இல்லாத காரணத்தால், வியாழக்கிழமை விமானத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பவும்.

பிபியான் ஃபோனைப் பிடுங்கி எடுத்தாள். "நாங்க எல்லாரும் சம்மதிச்சோமே!"

"எப்போ?" என்றாள் மெரிடித்.

"நீங்க கேட்டப்ப எல்லாம். மூணு தடவை."

"யாருமே வாயத் திறக்கலையே."

"புருவத்தத் தூக்கினோம்."

தெற்கே வெகுநேரம் சத்தமே இல்லை. ஒருவேளை அவளும் எதையாவது தூக்குகிறாளோ என்று பிபியானுக்குச் சந்தேகம் வந்தது.

"பிபியான், நான் நம்புறேன். ஆனா புருவத்தத் தூக்கினாங்கன்னு மேலிடத்துக்கு எப்படி எழுதுவேன்? இந்தப் பெட்டிக்கு நாலு ஊர் காத்துட்டிருக்கு. உங்க ஊர் ஆம்பளைங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரல. வேட்டைக்காரர் சங்கம் உங்க பக்கம் நிக்குதுன்னா, அத நான் கண்ணால பாக்கலேன்னாலும் காதாலயாவது கேக்கணும். விமானம் வர்றதுக்குள்ள ஆம்பளைங்க வரட்டும். நான் சண்டை போட்டாவது பெட்டிய அங்க வைக்கிறேன்."

நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

குப்லு வந்தால் எல்லோரும் வருவார்கள். பனிமேல் அவர் ஸ்கிடூ வண்டி போன தடத்தில்தான் மற்ற வண்டிகள் போகும். அவர் மகனே "அப்பா போகாத இடத்துக்கு நான் முன்னால போறதா?" என்றுதான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பிபியான் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் பனிச்சறுக்கு வண்டியின் அடிப்பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பாவின் கூட்டாளி என்பதால் அவருக்கு அவள் வைத்த முறை சித்தப்பா.

"சித்தப்பா, பெட்டி போகப் போகுது."

"நான்தான் புருவத்தத் தூக்கினேனே."

"ஃபோனுக்குக் கண்ணு இல்ல சித்தப்பா."

"கண்ணு இல்லாததுகிட்ட எதுக்கு என்ன உக்கார வச்சே? குருடன்கிட்ட ஆட்டம் காட்டச் சொன்ன மாதிரி." அவர் உளியை ஓங்கித் தட்டினார்.

"அது போகட்டும். நீங்க ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து விரல நீட்டினா போதும். பின்னாடியே சங்கமே வரும்."

"வரலாம். உள்ள நுழைஞ்சதும் மேஜையில யாரு உக்காந்திருக்கா?"

பிபியான் பலகைமேல் கிடந்த மரச்சீவலைத் தட்டிவிட்டாள்.

"என்ன விஷயமா வந்தீங்கன்னு கேப்பாளா மாட்டாளா? கேக்கறது அவ வேலை. நான் என்னன்னு சொல்ல? மருமககிட்ட போய், அம்மா, எனக்குக் கீழ சோதிக்கணும்னு சொல்லவா?"

"கீழ இல்ல, விரல்லதான்."

"விரல எந்த நோய்க்கு நீட்டறேன்னு ஊருக்குத் தெரியாதா?"

"அப்ப பின்வாசல் வழியா வாங்க. எண்ணெய் ஊத்தற ஆள் வர்ற கதவு."

குப்லு உளியைக் கீழே வைத்தார். "கரடி பின்வாசல் வழியா வந்து நீ எங்கயாவது பாத்திருக்கியா மகளே?"

பார்த்திருந்தாள். போன இலையுதிர்காலத்தில் பர்னபே வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

அவர் குரல் தாழ்ந்தது. "உங்கப்பனும் நானும் பங்காளிங்க. நான் அடிச்ச ஒவ்வொரு கடல்நாயிலயும் துடுப்பு, அதான் அதோட முன்னங்கை, அவனுக்கு, அவன் அடிச்சதுல துடுப்பு எனக்கு. நாங்க ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லியே கூப்பிட்டதில்ல. துடுப்பே, துடுப்பேன்னுதான். ஈரல் பங்கு வாங்கறவன் ஈரல், கழுத்து வாங்கறவன் கழுத்து, இங்க பங்காளிக்குப் பங்குதான் பேரு. அவன் செத்து இந்தப் பொண்ணா வந்தான். அப்பவும் விடல. நாலு வயசுல என் மடியில உக்காந்து என் பல்ல எண்ணுவா. துடுப்பே, உனக்கு ஒண்ணு கொறையுதேம்பா. இருபது வருஷம் வாய் ஓயாம பேசினோம். கடைசியில என் மடையன் மகன் அவளையே கட்டிட்டு வந்துட்டான். மருமகளாயிட்டா. முடிஞ்சுது பேச்சு. இப்ப நான் நாட்காட்டி படிக்கிறேன்."

ஆனாலும் துடுப்பு மட்டும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் ஒரு பையில் முன் துடுப்பைப் போட்டு யாரிடமாவது கொடுத்து, "என் துடுப்புக்காரனுக்கு" என்று அனுப்புவார். மருமகளுக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பிபியான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது உக்காலிக் மேஜைமேல் காலைத் தூக்கி வைத்து வேகவைத்த துடுப்பு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி மகளே, மூஞ்சி தொங்குது?" இருபத்திரண்டு வயதுக்காரி ஐம்பத்திரண்டு வயதுக்காரியை இப்படித்தான் கேட்பாள். அப்பா அல்லவா?

பிபியான் எல்லாவற்றையும் சொன்னாள், பல்லை எண்ணிய கதை உட்பட. உக்காலிக் எலும்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவர் மருமககிட்டதான பேச முடியாது" என்றாள்.

"ஆமா."

"துடுப்புகிட்டப் பேசலாம்ல?"

"அப்பா, ரெண்டும் நீங்கதான்."

"ரெண்டும் நான்தான். ஆனா எது முதல்ல? நான் முதல்ல கெழவன் உக்காலிக். அதுக்கப்புறம்தான் அவர் மகனுக்குப் பொண்டாட்டி. பங்கு அனுப்பினா பங்காளி வேணாம்னு சொல்ல முடியாது. சொன்னா அடுத்த வேட்டை கிடைக்காது. அவர் பழைய ஆளு, சொல்ல மாட்டார். இந்தப் பெட்டி என் வேட்டை. முதல் பங்கு துடுப்புக்கு. வானொலியில கூப்பிடுறேன்."

"வானொலியிலயா? ஊரே கேக்குமே! மருமக மாமனார இதுக்குக் கூப்பிட்டான்னு... எனக்கு வெக்கமா இருக்கு, அப்பா."

"நான் உன் அப்பன். உக்காருடி" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். நாற்காலி ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும்படி நிம்மதியாக முனகியது.

வியாழக்கிழமை மத்தியானம் சிப்போராவின் அறையில் பிபியான் கதவருகே நின்றாள். கையில் இருந்த கையுறையைப் பிழிந்த பிழியில் அதில் தண்ணீர் இருந்திருந்தால் ஒரு வாளி நிரம்பியிருக்கும்.

"பிங்கோவுக்குச் சீட்டு எடுத்து வச்சவங்க எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்று ஒலிவாங்கியில் சொன்னாள் சிப்போரா. "இன்னிக்கு எண்ணு தாமதமா வரும். திட்டாதீங்க, திட்டினா எனக்குக் கேக்காது. இப்ப ஒருத்தர் பேசுறார். ஒருத்தரா ஒருத்தியான்னு எனக்கே கொழப்பம். பேசு உக்காலிக்."

உக்காலிக் ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்தாள். வயிறு இடித்தது, நாற்காலியைத் திருப்பிப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

"என் துடுப்பே, கேக்குறியா? கெழவன் உக்காலிக் பேசுறேன். உன் மருமக இங்க இல்ல. அவ எங்கயோ தூங்குறா. இது நமக்குள்ள பேச்சு."

ஊர் மூச்சை நிறுத்தியது. வீட்டுக் கூரைகளின் புகைபோக்கியில் புகை நின்ற இடத்திலேயே நின்றது என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். அவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.

"நான் செத்ததுலேருந்து நீதான் பங்கு அனுப்பிட்டிருக்க. இப்ப எனக்கும் ஒண்ணு கிடைச்சிருக்கு. கடல்நாய் இல்ல, ஒரு பெட்டி. ஆளுக்கு ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். மேகநோய் இருக்கா இல்லையான்னு டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடும். இருந்தா மருந்து இருக்கு, அங்கயே போட்டுடுவாங்க. கதவச் சாத்திட்டுத்தான் செய்வாங்க. யாரையும் ஏமாத்தல, இதான் விஷயம். பிடிக்காதவன் வர வேணாம். ஆனா துடுப்பே, உன் பங்கு உனக்காக வச்சிருக்கேன். நீ வாங்காம நான் மத்தவனுக்கு எப்படி வெட்ட? முதுகெலும்பு காத்திருக்கான், ஈரல் காத்திருக்கான், கழுத்து காத்திருக்கான். விமானம் வந்தா பெட்டி போயிடும். வா."

சிப்போரா ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள். "கேட்டீங்கல்ல? டேய் முதுகெலும்பு, உன்னத்தான். உன் பங்காளி எவன்னு உனக்குத் தெரியும், அவனையும் இழுத்துட்டுப் போ."

ஆஸ்பத்திரியில் உக்காலிக் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பிபியான் பெட்டியைத் திறந்து வைத்தாள். நர்ஸ் ஃபெர்ன் கையுறை மாட்டினாள். யாரும் வரவில்லை. பிபியான் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்த நடையில் தரை விரிப்பு தேய்ந்து அடியில் இருந்த பலகை தெரிந்தது.

பிறகு ஒரு ஸ்கிடூவின் சத்தம்.

குப்லு உள்ளே வந்தார். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பிளாஸ்டிக் பை. பங்கு வாங்கப் போகிறவன் வெறுங்கையோடா போவான்? உக்காலிக்கைக் கண்டதும் கால் பழக்கத்தில் தானே சுவரைப் பார்த்துத் திரும்பியது. இங்கே நாட்காட்டி இல்லை. தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைத்தான் அவர் படிக்க முடிந்தது.

"துடுப்பே" என்றாள் உக்காலிக், "சுவத்துக்கிட்டயா பங்கு வாங்கப் போற?"

அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"சரி, நில்லு. எத்தனை பல்லு மிச்சமிருக்குன்னாவது சொல்லு."

குப்லுவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அழுகிறாரோ என்று பிபியான் ஓர் அடி முன்னால் வைத்தாள். அவர் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கெழவா, நீ பெருத்துட்ட" என்றார் மருமகளைப் பார்த்து.

"நீ அனுப்புறதத் தின்னுதான்."

"பெரிய கரடி வந்த அன்னிக்கு என் ஈட்டியப் பனிப் பிளவுக்குள்ள விட்டது நீதான். இப்பவாவது ஒத்துக்க."

"செத்தவன் மேல பழி போடாத. நான் அப்ப உன்னையில்ல தூக்கிட்டு ஓடினேன்!"

"ஓடினது நீ. தூக்கினது நான்."

"சரி சரி. என்ன விஷயமா வந்தே?"

குப்லு நிமிர்ந்து நின்று, சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னார். "என் பங்க வாங்க வந்தேன்."

பையையும் கத்தியையும் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். மூன்று வெள்ளைக் கரடிகளை நேருக்கு நேர் பார்த்த மனிதர், ஃபெர்ன் ஊசிமுனையை எடுத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குத்தியதும் போட்ட அலறலில் விமான ஓடுதளத்தின் விளக்குகள் சிமிட்டின.

வெளியே வந்தபோது வரவேற்பறை நிறைந்திருந்தது. ஈரல், கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு என்று முழுக் கடல்நாய்க்கும் வேண்டிய அத்தனை ஆண்களும் பையோடு நின்றார்கள். அலறலைக் கேட்டு ஒவ்வொரு முகமும் மாறியிருந்தது.

"என்ன அண்ணே, பெரிய ஊசியா?" என்றான் கழுத்து. அதற்கு அர்த்தம் வேறு. நோய் இருக்கிறவனுக்குத்தான் பெரிய ஊசி என்பது எல்லோருக்கும் தெரியும். சுவர் மெல்லிசு, அதுவும் தெரியும். பிபியான் வாசலைப் பார்த்தாள். இத்தனை பேரும் இப்போதே வாசல் வழியாகக் கொட்டிவிடுவார்கள்.

குப்லு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பனியில் விரிசல் கண்டால் அப்படித்தான் பார்ப்பார்.

"கேளுங்கடா. உள்ள போற ஒவ்வொருத்தனும் கத்தணும். சின்ன குத்தோ பெரிய ஊசியோ, கத்தணும். எவனுக்கு எதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது. என்ன விட மெதுவாக் கத்துறவன் என் தடத்துல வண்டி ஓட்டக் கூடாது."

அதன்பிறகு நடந்ததை ஊர் நாய்கள் இன்னும் மறக்கவில்லை. ஈரல் ஒப்பாரி வைத்தார். முதுகெலும்பு ஏதோ பாட்டுப் போல இழுத்தார். பன்னிரண்டு பிள்ளை பெற்ற பர்னபே, கத்துவதற்குப் பதில் வேதத்திலிருந்து சங்கீதம் ஒன்றை உச்சக்குரலில் முழங்கினார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே பெரிய ஊசி யாருக்குப் போயிற்று, யாருக்குப் போகவில்லை என்பது பிபியானுக்கும் ஃபெர்னுக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

தூலுகாக் மட்டும் வரவில்லை. வாசலுக்கு வெளியே ஸ்கிடூவில் உட்கார்ந்து, ஓடாத இயந்திரத்தைப் பழுது பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

அப்போது விமானம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் மாரியுஸ் பெட்டிக்கு வந்து நின்றான்.

"பெட்டி எங்க? விமானம் காத்திருக்கு."

"ஆளும் காத்திருக்கான்" என்றார் குப்லு. கதவைத் திறந்து மகனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புருவத்தைக்கூட அசைக்கவில்லை. கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். கட்டடத்துச் சூடெல்லாம் வெளியே போயிற்று, உள்ளே இருந்தவர்களுக்குப் பல் கிட்டியது, ஒருவரும் சாத்தச் சொல்லவில்லை.

பிபியான் வாசலுக்கு வந்தாள். அப்பாவின் புருஷன் தனக்கு என்ன முறை என்பதை அவள் கல்யாணத்தன்றே முடிவு செய்துவிட்டாள்.

"சின்னம்மா, உள்ள வாங்க. குளிருது."

வரிசை கொல்லென்று சிரித்தது. தூலுகாக் காது வரை சிவந்துபோய் இறங்கி வந்தான். மேஜையைத் தாண்டும்போது பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவன் கையுறையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள். உள்ளே போனான்.

குத்து. ஒரு சொட்டு. மூவரும் காத்திருந்தார்கள். தேநீர் ஆறும் நேரம் பிபியானுக்கு ஒரு முழுக் குளிர்காலமாக நீண்டது. பிறகு ஃபெர்ன் சோதனைப் பட்டையை அவனுக்குக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் தலை குனிந்தான்.

"குழந்தைக்கு?" என்றான்.

"அவளுக்கு ஊசி போட்டாச்சு. நீயும் இப்ப போட்டுக்கிட்டா, ரெண்டு பேரும் டாக்டர் சொல்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் படுத்தா, அதுக்கு ஒண்ணும் வராதுன்னு நம்பலாம்" என்றாள் ஃபெர்ன்.

"தள்ளியா? எவ்வளவு?"

"ஊர் தூரம்" என்றாள் பிபியான். "திரும்பிப் படுடா."

இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய ஊசி. அவன் கத்தினான். அது பாவனை இல்லை. வெளியே மேஜைமேல் ஃபோன் மணி அடித்ததும், உக்காலிக் எடுத்ததும் மெல்லிசுச் சுவர் வழியாகப் பிபியானுக்குக் கேட்டது.

"நான் மெரிடித். பெட்டி கிளம்பிடுச்சான்னு... ஐயோ, அது என்ன சத்தம்?"

உக்காலிக் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "வேட்டைக்காரர் சங்கம்."

"என்ன பண்றாங்க?"

"ஆதரிக்கிறாங்க. இன்னும் நெறைய பேர் வரிசையில இருக்காங்க. ஃபோனத் தூக்கிப் பிடிக்கவா?"

தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மெரிடித் என்ன சொன்னாள் என்பது அந்தக் கூச்சலில் அடிபட்டுப் போயிற்று. ஆனால் உக்காலிக்கின் பதில் பிபியானுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரி. இங்கயே வச்சுக்கறோம்."

பிபியான் பஞ்சை அமுக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "மகளே, போதும், வலிக்குது" என்றான் தூலுகாக். கையை எடுத்தாள்.

வெளியே, வரிசை அவன் கத்தலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. சுமார்தான், அப்பனில் பாதி இல்லை என்பது பொதுக் கருத்து. மாரியுஸ் கதவுப் பக்கமாக நழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப பெட்டி போகலல்ல? நான் கிளம்புறேன். விமானம்..."

"பெட்டிதான் போகல" என்றார் குப்லு, கதவில் முதுகைச் சாய்த்து. "நீ எங்கடா போற?"

உக்காலிக் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேஜைக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன விஷயமா வந்தே மாரியுஸ்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். ஓடுதளத்தில் விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"பங்கு வாங்க" என்றான்.